வீட்டுக்குப் பின்னால் எதற்கு ஒரு சந்து?



பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினால் கொஞ்ச நேரத்தில் தீவு. பாகான் டாலாம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. தீபாவளிச் சாமான் வாங்க லெபோ பசார், சாமி கும்பிட லெபோ குவீன் மாரியம்மன் கோயில் என்று எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். கடைகளின் முன்பக்கத்தைப் பார்த்தது போதும். கடை வரிசையின் கோடியில் திரும்பிப் பின்சந்துக்குள் நுழையுங்கள். பழைய கடைவீடுகளின் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒரு சிறிய சதுரத் துவாரம் தெரிகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அதைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். சில இடங்களில் துருப்பிடித்த கதவுகூட மிச்சமிருக்கும்.

என் படிவம் 4 மாணவர்களை அங்கே அழைத்துப் போனபோது இது எதற்கு என்று கேட்டேன். "பூனை போக" என்றான் ஒருவன். "குப்பை போட" என்றாள் இன்னொருத்தி. ஒருவருக்கும் சரியான விடை தெரியவில்லை. அது மலவாளிக்கான துவாரம். உள்ளே கழிப்பறைக்குக் கீழே ஒரு வாளி இருக்கும். தொழிலாளி சந்து வழியாக வந்து, துவாரத்தைத் திறந்து, நிறைந்த வாளியை எடுத்துவிட்டு வேறு வாளியை வைத்துவிட்டுப் போவார். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இப்போது நான் கேட்கும் கேள்வி வேறு. பின்சந்து இல்லாத காலத்தில் அந்த வாளி எந்த வழியாக வெளியே போயிருக்கும்? வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு. சமையலறையைத் தாண்டி, படுத்திருப்பவர்களைத் தாண்டி, முன்வாசல் வழியாகப் போக வேண்டும். நாம் இன்று சாதாரணமாக நடந்துபோகும் அந்தச் சந்து ஒரு சட்டத்தால் பிறந்தது. அந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில், விக்டோரியா மகாராணி காலத்து நகரங்களில் இருக்கிறது. அங்கே போய்விட்டுத் திரும்பி வருவோம்.

நாற்றம்தான் நோயா?

1842-இல் எட்வின் சாட்விக் என்ற அதிகாரி, பிரிட்டனின் உழைக்கும் மக்கள் எப்படிப்பட்ட சுகாதார நிலையில் வாழ்கிறார்கள் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார். தொழிற்சாலைகள் பெருகி, கிராமத்து மக்கள் நகரங்களில் வந்து குவிந்த காலம் அது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், நிலவறையில் குடும்பங்கள், ஒரு முற்றம் முழுவதற்கும் ஒரே கழிப்பறை. சாட்விக்கின் அட்டவணையில் ஒரு வரியைப் பாருங்கள். ரட்லண்ட் என்ற கிராமப் பகுதியில் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 38. மான்செஸ்டரில் 17. லிவர்பூலில் 15.

இந்த இடத்தில் கணித ஆசிரியர்போல ஒரு வார்த்தை. சராசரி 15 என்றால் எல்லாரும் 15 வயதில் இறந்தார்கள் என்று பொருளல்ல. ஒரு வயதும் நிரம்பாத குழந்தைகள் ஏராளமாக இறந்ததால்தான் சராசரி அப்படிக் கீழே இறங்கியது. சராசரியைப் பார்த்ததும் அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கப் பழகுங்கள்.

இதற்குக் காரணம் என்ன? அழுகும் பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயை உண்டாக்குகிறது என்று சாட்விக் உறுதியாக நம்பினார். அன்று பெரும்பாலான மருத்துவர்களின் கருத்தும் அதுதான். அந்த நம்பிக்கையின் மேல்தான் 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 23 பேருக்கு மேல் இறக்கும் ஊரில் உள்ளூர்ச் சுகாதார வாரியம் அமைக்க அரசே கட்டாயப்படுத்தலாம் என்றது அது. இறப்பைக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கை வைத்துச் சட்டம் தலையிடுவது அன்றைக்குப் பெரிய புதுமை.

ஆனால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்விக்கே சாட்சி. வீடுகளுக்கு அடியில் தேங்கிய மலக்குழிகள் நாறுகின்றன, நாற்றம்தான் நோய், எனவே எல்லாவற்றையும் சாக்கடையில் கழுவித் தேம்ஸ் ஆற்றில் தள்ளுங்கள் என்பது லண்டனில் வேலையாக நடந்தது. வீட்டில் நாற்றம் குறைந்தது உண்மைதான். ஆனால் அதே ஆற்றிலிருந்துதான் குழாய் நிறுவனங்கள் குடிநீர் எடுத்தன. 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் மாண்டனர்.

ஜான் ஸ்நோ என்ற மருத்துவருக்கு இந்தக் கெட்ட காற்றுக் கதையில் நம்பிக்கை இல்லை. தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர் என்று அவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் செய்த இன்னொரு ஆய்வு. தென் லண்டனில் இரண்டு குடிநீர் நிறுவனங்கள் ஒரே தெருவில் போட்டி போட்டுக் குழாய் பதித்திருந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு நிறுவனத்தின் நீர், அடுத்த வீட்டுக்கு மற்றதன் நீர். லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேல்பகுதிக்கு, நகரக் கழிவு சேராத இடத்துக்கு மாற்றிக்கொண்டது. சதர்க் அண்ட் வாக்சால் நிறுவனம் மாற்றவில்லை. 1854-இல் காலரா வந்தபோது ஸ்நோ வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். சதர்க் நிறுவனத்தின் நீர் போன 40,046 வீடுகளில் 1,263 பேர் இறந்திருந்தனர். லாம்பெத்தின் 26,107 வீடுகளில் 98 பேர். பத்தாயிரம் வீட்டுக்கு 315, மற்றதில் 37.

ஒரே தெரு, ஒரே நாற்றம், ஒரே காற்று. குழாய் மட்டும் வேறு. மாறி என்றும் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்றும் அறிவியல் பாடத்தில் வரி வரியாக எழுதுகிறோமே, அது இதுதான். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் தெருவிலேயே ஒரு மனிதர் அதைச் செய்து காட்டினார். காலராக் கிருமியைப் பின்னால் 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் பிரித்தெடுத்தார். அப்போது ஸ்நோ இறந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சட்டம் கப்பலேறி வந்தது

1875-இல் பிரிட்டன் இன்னும் விரிவான பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. 1877-இல் அதை ஒட்டி மாதிரி விதிகள் வந்தன. புதுத் தெரு 36 அடி அகலம் வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் திறந்த இடம் வேண்டும் என்பவை அவற்றில் சில. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் கட்டுவதற்கு 1909-இல்தான் நாடு முழுக்கத் தடை வந்தது.

இந்தச் சிந்தனை ஆட்சியோடு சேர்ந்து கடல் கடந்தது. சாட்விக்கின் மகன் ஆஸ்பர்ட் சாட்விக் பொறியாளர். 1882-இல் ஹாங்காங்கின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தவர் அவர். நம் பக்கம், வரலாற்றுப் பாடத்தில் 'நெகிரி-நெகிரி செலாட்' என்று படிக்கிறீர்களே, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் பொதுவாக 1887-இல் ஒரு நகராண்மைச் சட்டம் வந்தது. கட்டடம், கால்வாய், கழிப்பறை ஆகியவை மீது நகராண்மைக்கு அதிகாரம் கொடுத்தது அது. கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையையும், அதாவது நம் 'காக்கி லீமா'வையும், அது விட்டுவைக்கவில்லை. நடைபாதையில் பரப்பியிருந்த சரக்குகளை அப்புறப்படுத்தப் போனதில் 1888-இல் சிங்கப்பூரில் கலவரமே மூண்டது. கடைக்காரர்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பு. அதிகாரிக்கு அது இடையூறு. இன்றும் லெபோ பசார் நடைபாதையில் போகும்போது இந்த இரண்டு பார்வையும் எனக்கு மாறி மாறி வரும்.

1906-இல் டாக்டர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் சிங்கப்பூர் வந்தார். முன்பு கல்கத்தா நகரச் சுகாதார அதிகாரியாக இருந்தவர். கடைவீடுகளுக்குள் அவர் கண்டவற்றை 1907-இல் அறிக்கையாக எழுதினார். சிங்கப்பூரைப் பற்றி எழுதியது என்றாலும் ஜார்ஜ்டவுனுக்கும் அப்படியே பொருந்தும். ஏனென்றால் வீட்டின் அமைப்பு ஒன்றுதான். முகப்பு குறுகல், உள்ளே மிக நீளம். நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு முற்றம், நம் ஊர்ப்பக்கத்து முற்றம் வைத்த வீடு மாதிரி. கட்டியவர்கள் அறிவாளிகள்தான். கெடுத்தது நெரிசல். மாடியைப் பலகைத் தடுப்புகளால் சின்னச் சின்ன அறைகளாக்கி ஆளுக்கு ஒன்றாக வாடகைக்கு விட்டார்கள். நடுவில் இருக்கும் அறைக்குச் சன்னலே கிடையாது. நண்பகலிலும் இருட்டு. முற்றத்தின் மேலும் கூரை ஏறிவிட்டால் காற்றுக்கும் வழியில்லை.

சிம்ப்சன் சொன்ன தீர்வு: வரிசைகளின் நடுவே பின்பகுதியை இடித்துச் சந்து வெட்டுங்கள். வெளிச்சம் வரும், காற்று வரும், மலவாளி பின்வழியாகப் போகும், கால்வாய் போடலாம். அதற்கான அதிகாரத்தைச் சட்டமும் கொடுத்தது. ஜார்ஜ்டவுனிலும் சந்துகள் இப்படித்தான் உருவாயின. வேலை மெதுவாகவே நடந்தது, ஏனென்றால் ஒவ்வொரு சந்துக்கும் பத்து இருபது பேருடைய சமையலறையை இடிக்க வேண்டும், இழப்பீடு கொடுக்க வேண்டும். எனவேதான் சில வரிசைகளுக்கு இன்றும் பின்சந்து இல்லை. தெருக்கூட்டவும் கால்வாய் அள்ளவும் நகராண்மை வைத்த ஆட்களில் தமிழரும் தெலுங்கரும் நிறையப் பேர். சட்டத்தில் 'சுத்தமாக வைக்கப்பட வேண்டும்' என்று ஒரே வரியில் இருக்கும் வேலையை விடியற்காலையில் கையால் செய்தவர்கள் அவர்கள்.

காற்று மறுபடி கதைக்குள் வருகிறது

சந்து வெட்டியதற்குக் காரணமாகச் சொன்னது பழைய 'கெட்ட காற்று'. அந்தக் கொள்கை தவறு என்று ஸ்நோ காட்டிவிட்டார். அப்படியென்றால் சன்னலும் முற்றமும் வீண் வேலையா?

என் மாணவி ஒருத்தி சந்தில் நின்றபடி இதைத்தான் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல இதே ஊரில் பிறந்த ஒருவரைக் கூப்பிட வேண்டும்.

டாக்டர் வூ லியென் தே 1879-இல் ஜார்ஜ்டவுனில் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தார். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார். 1910 டிசம்பரில் வட சீனாவின் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது அங்கே அனுப்பப்பட்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைப் பரப்பும் என்பது அன்றைய அறிவு. இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்த வூ, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக், நோயாளியின் மூச்சிலிருந்தே அடுத்தவருக்குப் போகிறது என்றார். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்து முகக்கவசம் செய்து எல்லாரையும் அணியச் சொன்னார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அனுபவசாலி, வூவை விட மூத்தவர். இந்த இளைஞர் சொல்வதை அவர் ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக் வந்து இறந்துபோனார். அதன் பிறகு கவசம் வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை.

ஆக, நாற்றம் நோயைப் பரப்புவதில்லை. ஆனால் சில நோய்கள் காற்றில் போகும். நம் நாட்டில் அவற்றில் முக்கியமானது காசநோய். ஆண்டுக்கு 20,000-க்கும் மேற்பட்டோருக்கு இங்கே காசநோய் கண்டறியப்படுகிறது. டிங்கியைவிட இது அதிகப் பேரைக் கொல்கிறது, ஆனால் டிங்கி அளவுக்கு நாம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நோயாளி இருமும்போது வரும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை காய்ந்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குச் சுருங்கி, மணிக்கணக்கில் மிதக்கும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரைலி, வெல்ஸ் ஆகியோர் இதை நிரூபித்தார்கள். காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேலே கினிப் பன்றிகள் இருந்த கூண்டறைக்குக் கொண்டுபோனார்கள். காற்றைத் தவிர வேறு தொடர்பு இல்லை. கினிப் பன்றிகளுக்கு நோய் தொற்றியது. புற ஊதாக் கதிர் பாய்ச்சிய காற்று போன அறையில் தொற்றவில்லை.

சூரிய ஒளியிலும் புற ஊதாக் கதிர் உண்டு. திறந்த சன்னல் இன்னொரு வேலையும் செய்கிறது. அறையின் காற்று மணிக்கு ஒருமுறை மாறும்போது குறிப்பிட்ட அளவு கிருமி மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஆறுமுறை மாறினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மிதக்கும். மருந்து வருவதற்கு முன்பே இங்கிலாந்தில் காசநோய் இறப்புகள் பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டு வந்தன. உணவு மேம்பட்டதாலா, வீடு மேம்பட்டதாலா, நோயாளிகளைத் தனியே வைத்ததாலா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். என் கருத்து, சாட்விக் கோஷ்டி காலராவில் தோற்று, தாங்கள் நினைக்காத ஒரு நோயில் ஓரளவு ஜெயித்தது. தவறான காரணம் சொல்லி ஒரு நல்ல சன்னலை வைத்துவிட்டுப் போனார்கள்.

கதவில் ஒரு தகடு

சட்டம் எங்கே தடுமாறியது என்பதையும் சொல்ல வேண்டும். கிளாஸ்கோ நகரத்தில் 1862-இல் ஒரு சட்டம் வந்தது. மூன்று அறைக்கு மேற்படாத சிறிய வீடுகளை அளந்து, இத்தனை பேர்தான் தங்கலாம் என்று கதவில் ஒரு தகடு அடித்தார்கள். பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி. 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதில் பாதி. நள்ளிரவில் இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் தட்டி எண்ணுவார். அவர் வரும் சத்தம் கேட்டால் அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் கூரை மேலும் போய் ஒளிந்துகொண்டவர்கள் உண்டு. ஏன் ஒளிந்தார்கள்? நெரிசல் அவர்களுக்குப் பிடித்திருந்ததா? வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. தகடு அடிப்பதற்கு ஆணி போதும். இன்னொரு வீடு கட்டப் பணம் வேண்டும்.

நம் நாட்டிலும் தொழிலாளர் தங்குமிடங்களுக்கு 1990-இலேயே ஒரு சட்டம் உண்டு. அது 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் அமலுக்கு வந்தது. பொதுத் தங்குவிடுதியில் ஒரு தொழிலாளிக்குப் படுக்க குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது விதி. அதே ஆண்டில்தான் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் காட்டுத்தீபோலப் பரவியதைச் செய்தியில் பார்த்தோம்.

நம் வீடுகளுக்கு 1984 கட்டட விதிகள் பொருந்தும். அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்கு வெளிச்சம் தரும் சன்னல் வேண்டும். குறைந்தது 5 விழுக்காடு அளவுக்குக் காற்று தடையின்றிப் போகும் திறப்பு வேண்டும். இரண்டும் ஒன்றல்ல, கவனியுங்கள். கண்ணாடி வெளிச்சத்தை விடும், காற்றை விடாது. இழுத்துத் திறக்கும் சன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும்.

செய்து பாருங்கள்

தேவை: அளவுநாடா, தாள், பென்சில். நீங்கள் தூங்கும் அறையை அளந்துகொள்ளுங்கள். மாதிரிக்கு, மேலே சொன்ன கேள்வியைக் கேட்ட மாணவியின் கணக்கை அவள் அனுமதியோடு தருகிறேன். பெயர் வேண்டாம். அவள் குடும்பம் பட்டர்வொர்த்தில் ஒரு கடையின் மாடியில், தடுத்த அறையில் வாடகைக்கு இருந்தது. அவள், அம்மா, தாத்தா, 6 வயதுத் தம்பி. தாத்தாவுக்கு இருமல் நிற்காமல் இருந்து, அரசாங்க கிளினிக்கில் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். தாத்தா ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார்.

அறை: நீளம் 3 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். பரப்பு 7.2 சதுர மீட்டர்.
சன்னலுக்குத் தேவை: 7.2-இல் 10 விழுக்காடு, அதாவது 0.72 சதுர மீட்டர்.
இருந்த சன்னல்: 0.6 × 0.6 = 0.36 சதுர மீட்டர். தேவையில் பாதி.
காற்றுக்குத் தேவை: 7.2-இல் 5 விழுக்காடு, 0.36 சதுர மீட்டர். சன்னல் முழுவதும் திறந்தால் சரியாக இருந்திருக்கும். இழுக்கும் சன்னல் என்பதால் திறந்தது 0.18. அதுவும் தகரம் போட்டு மூடிய முற்றத்தைப் பார்த்திருந்தது.
கனஅளவு: உயரம் 2.7 மீட்டர். 7.2 × 2.7 = 19.44 கன மீட்டர்.

கிளாஸ்கோ கணக்கையும் அவளே போட்டுப் பார்த்தாள். 300 கன அடி என்பது சுமார் 8.5 கன மீட்டர். மூன்று பெரியவர், ஒரு சிறுவன்: 3.5 × 8.5 = 29.75. இருந்ததோ 19.44. அந்தக் கதவில் 1862-இல் தகடு அடித்திருந்தால் அதில் 2 என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இந்தத் தாளை அவள் அம்மா வீட்டுக்காரரிடம் காட்டினார். முற்றத்தின் மேலிருந்த தகரத்தில் இரண்டை அவர் எடுத்துவிட்டார். மழை பெய்தால் கீழே நனைகிறது என்று கடைக்காரர் புலம்புகிறாராம். குடும்பம் அங்கேதான் இருக்கிறது. இடித்துக் கட்ட நம்மால் முடியாது. ஆனால் கட்டிலின் தலைமாட்டைச் சன்னல் பக்கம் மாற்றலாம், சன்னலை மறைக்கும் அலமாரியை நகர்த்தலாம், கதவையும் சன்னலையும் ஒரே நேரத்தில் திறந்து காற்று நேராகப் போக விடலாம். மாற்றிய பிறகு சன்னல் ஓரத்தில் ஒரு மெல்லிய நூலைத் தொங்கவிட்டு அது ஆடுகிறதா என்று பாருங்கள். உங்கள் அறைக்கு எத்தனை விழுக்காடு வந்தது என்பதை அடுத்த வாரம் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.